ரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்': இனி பெனிசிலினே கூடாதா?

41 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் பல் பிடுங்கியபோது அவருக்கு அமாக்சிசிலின் என்ற பெனிசிலின் வகை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் மார்பிலும் முதுகிலும் சிவந்த தடிப்புகள், லேசான அரிப்பு. மாத்திரையை நிறுத்தி, அரிப்புக்கு மருந்து சாப்பிட்டதும் ஐந்தாறு நாளில் அடங்கிவிட்டது. மூச்சுத் திணறவில்லை, முகம் வீங்கவில்லை. அன்று முதல் அவருடைய மருத்துவ ஃபைலின் மேல் சிவப்பு மையில் 'பெனிசிலின் அலர்ஜி' என்று இருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் அவருக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. அதற்குள் தெளிவுபடுத்திக்கொள்ளலாம் என்று மருத்துவரைக் கேட்காமல் தானே ஒரு லேபில் மருந்து ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். அமாக்சிசிலினுக்கு நேரே 0.42, 'பாசிட்டிவ்' என்று வந்தது. மற்ற பெனிசிலின்களுக்கு நெகட்டிவ். ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளின் மொத்த அளவு 900-க்கு மேல்.

அவருடைய தம்பிக்கு வயது 34. எட்டு மாதத்துக்கு முன் காய்ச்சலுக்காக செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை நரம்பில் ஏற்றிய ஐந்து நிமிடத்துக்குள் உள்ளங்கை அரித்து, உதடும் கண்ணிமையும் வீங்கி, பிரஷர் இறங்கி, அட்ரினலின் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். அக்காவோடு போய் அவரும் அதே பரிசோதனையைச் செய்துகொண்டார். எல்லாமே நெகட்டிவ். "எனக்கு ஒன்றுமில்லை, அன்றைக்கு ஊசியை வேகமாக ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். வேண்டுமானால் அடுத்த முறை டெஸ்ட் டோஸ் போட்டுக்கொள்கிறேன்" என்கிறாராம்.

வாசகியின் கேள்விகள் இவை: எனக்கு அலர்ஜி உறுதியாகிவிட்டதா? அறுவையின்போது தர எந்த ஆன்டிபயாடிக் பாதுகாப்பானது என்று இருபது முப்பது மருந்துகளுக்கு ரத்தத்திலேயே பார்த்துவிடலாமா? உயிருள்ள செல்களை வைத்துச் செய்யும் புதிய பரிசோதனை இன்னும் துல்லியமானதா? என் பெரியப்பா ஒருவர் பெனிசிலின் ஊசி போட்டு இறந்ததாக வீட்டில் சொல்வார்கள். இதுவரை பெனிசிலினே எடுத்திராத என் ஏழு வயது மகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ரிப்போர்ட்டின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். 0.42-ஐப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அதே தாளின் கீழே, மொத்த ஐஜிஇ 900 சொச்சம் என்று இருப்பதை வட்டமிடவில்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

சுருக்கமாகச் சொன்னால், பாசிட்டிவ் வந்த உங்களுக்குப் பெரும்பாலும் அலர்ஜி இல்லை. நெகட்டிவ் வந்த உங்கள் தம்பிக்குப் பெரும்பாலும் இருக்கிறது. லேப் தவறு செய்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பரிசோதனையிடம் அதனால் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 0.42 சொல்வது என்ன

மருந்து ஒவ்வாமையில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று, மருந்து உள்ளே போன சில நிமிடங்களில், மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் வருவது. இதற்குக் காரணம் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள். படை, வீக்கம், மூச்சிரைப்பு, பிரஷர் இறங்குதல் எல்லாம் இந்த வகை. இன்னொன்று, நாட்கள் கழித்து வரும் தடிப்பு. இதை நடத்துவது டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். ஐஜிஇக்கு இதில் வேலை இல்லை. உங்களுக்கு வந்தது நான்காம் நாள். நீங்கள் செய்துகொண்ட பரிசோதனை தேடியது ஐஜிஇயை. திருடன் பின்வாசல் வழியாக வந்த வீட்டில் முன்வாசல் பூட்டைச் சோதித்தது போல ஆகிவிட்டது.

அப்படியானால் 0.42 எங்கிருந்து வந்தது? பெனிசிலின் மிகச் சிறிய மூலக்கூறு. அதைத் தனியாக நம் எதிர்ப்புச் சக்தி கண்டுகொள்வதே இல்லை. உடலுக்குள் போனதும் அதன் பீட்டா லாக்டம் வளையம் திறந்து, ரத்தத்தில் உள்ள அல்புமின் போன்ற புரதத்தோடு கொக்கி போட்டுக்கொள்கிறது. இந்தக் கூட்டணியைத்தான் உடல் எதிரியாகப் பார்க்கிறது. லேபில் அந்த மருந்தை ஒரு செயற்கைப் பரப்பில் ஒட்டிவைத்து, அதன் மேல் உங்கள் ரத்தத்தின் சீரத்தை விடுகிறார்கள். ஒட்டும் ஐஜிஇயை அளக்கிறார்கள். ரத்தத்தில் மொத்த ஐஜிஇ ஏராளமாக இருந்தால், குறியே இல்லாமல் கொஞ்சம் ஒட்டிக்கொள்வது சகஜம். வழக்கமான எல்லைக்கோடு லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட். நீங்கள் அதை ஒரு மயிரிழை தாண்டியிருக்கிறீர்கள், அதுவும் 900-க்கு மேல் மொத்த ஐஜிஇ வைத்துக்கொண்டு. தூசியால் வரும் தும்மலும் தோல் வறட்சியும் சிறு வயதிலிருந்தே இருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த 900-க்கு அதுவே போதிய காரணம்.

ஒருவேளை பதினோரு ஆண்டுகளுக்கு முன் உங்களுக்கு உண்மையிலேயே ஐஜிஇ வகை ஒவ்வாமை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் நிரந்தரமில்லை. மருந்தைத் தொடாமல் இருந்தால், அப்படிப்பட்டவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்குப் பத்து ஆண்டுகளில் அது மறைந்துவிடுகிறது. பெனிசிலின் அலர்ஜி என்று ஃபைலில் எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தாராளமாக அதைச் சாப்பிடலாம் என்றுதான் தெரியவருகிறது. சிறு வயதில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பு, மாத்திரையால் வந்த வயிற்றுப்போக்கு, குமட்டல், எல்லாவற்றையும் 'அலர்ஜி' என்ற ஒரே கட்டத்துக்குள் எழுதிவிடுவது எங்கள் தொழிலின் பழைய சோம்பல். அதில் எனக்கும் பங்குண்டு. பயிற்சிக் காலத்தில் நானும் அந்தச் சிவப்பு மையைக் கணக்கில்லாமல் செலவழித்திருக்கிறேன்.

தம்பியின் நெகட்டிவ்

இதுதான் எனக்குக் கவலை தந்த பகுதி. அவருடைய ரிப்போர்ட்டில் என்னென்ன மருந்துகள் இருக்கின்றன என்று தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்: பெனிசிலின் ஜி, பெனிசிலின் வி, ஆம்பிசிலின், அமாக்சிசிலின், செஃபாக்ளோர். செஃப்ட்ரியாக்சோன் எங்கே? அது அந்தப் பட்டியலிலேயே இல்லை. அவரைச் சாய்த்த மருந்தைத் தவிர மற்றவற்றைச் சோதித்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று கிளம்பிவிட்டார். செஃபாக்ளோரும் அதே செஃபலோஸ்போரின் என்ற, பெனிசிலினுக்கு உறவான மருந்துக் குடும்பம்தானே என்று கேட்கலாம். குடும்பம் ஒன்றுதான். ஆனால் இந்தக் குடும்பத்தில் உடல் பெரும்பாலும் அடையாளம் காண்பது மூலக்கூறின் பக்கவாட்டில் தொங்கும் சங்கிலியை. இவை இரண்டுக்கும் அந்தச் சங்கிலி வேறு வேறு. செஃப்ட்ரியாக்சோனோடு ஒத்த சங்கிலி உள்ளவை செஃபோடாக்சிம், செஃபெபிம் போன்றவை. முறையாகச் சோதித்து முடியும் வரை இந்த மூன்றையும் உங்கள் தம்பி தொடவே கூடாது.

செஃப்ட்ரியாக்சோனே பட்டியலில் இருந்து நெகட்டிவ் வந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகைகளுக்கான ஐஜிஇ ரத்தப் பரிசோதனை, உண்மையான ஒவ்வாமை உள்ளவர்களிலேயே பாதிப் பேரையோ அதற்கும் மேலோ தவறவிடக்கூடியது. நெகட்டிவ் என்பது கண்ணில் படவில்லை என்று மட்டும்தான் பொருள். ஊசி போட்ட ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை அரித்து, முகம் வீங்கி, பிரஷர் இறங்கியது என்ற அந்த ஒரு வரி, எந்த ரிப்போர்ட்டையும் விட வலுவான சாட்சி.

சம்பவம் நடந்த அன்று அவர் ரத்தத்தில் டிரிப்டேஸ் பார்த்தார்களா என்று அந்த மருத்துவமனையில் கேளுங்கள். ஒவ்வாமை வெடிக்கும்போது மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்கள் கொட்டும் பொருள் அது. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் நான்கு மணிக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். குறைந்தது ஒரு நாள் கழித்து, உடல் சாதாரண நிலைக்கு வந்ததும் இன்னொரு முறை எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். சாதாரண அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். அன்றைய அளவு அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, நடந்தது மாஸ்ட் செல்களின் வேலைதான். சாதாரணமாக 5 இருப்பவருக்கு அன்று 8 அல்லது மேல். எந்த மருந்தால் என்று அது சொல்லாது. ஆனால் 'வேகமாக ஏற்றிவிட்டார்கள்' என்ற வாதத்தை முடித்துவைக்கும். சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது அவருடைய பதிவு, கேட்கத் தயங்க வேண்டாம். எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது, அதே நேரத்தில் வேறு என்ன மருந்து போயிருந்தது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். வலி மாத்திரையும் அதே சமயம் கொடுத்திருந்தால் கதையே மாறலாம்.

அடுத்து அவர் போக வேண்டிய இடம் ஒவ்வாமை நிபுணரிடம், தோல் பரிசோதனைக்கு. சம்பவம் நடந்து நாலைந்து வாரம் கழித்துச் செய்வது வழக்கம். எட்டு மாதம் ஆகிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் தோல் காட்டும் அறிகுறி மங்கிப்போகும்.

டெஸ்ட் டோஸ், புதிய செல் பரிசோதனை

தம்பி நம்பும் டெஸ்ட் டோஸ் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஊசி போடும் முன் முன்கையில் ஒரு சொட்டு மருந்தைத் தோலுக்குள் ஏற்றி, பேனாவால் வட்டம் போட்டு, அரை மணி கழித்து யாரோ வந்து எட்டிப் பார்த்து 'சரி' என்று போவார்கள். எந்த அளவுக்கு நீர்த்த மருந்து, ஒப்பிட, தடிப்பு வரவைக்காத உப்புநீரும் தடிப்பு வரவைக்கும் ஹிஸ்டமினும் பக்கத்தில் வைத்தார்களா, எதுவும் இருக்காது. அலர்ஜி வரலாறே இல்லாதவருக்கு அது தேவையில்லை. உங்கள் தம்பி போன்றவருக்கு அந்தச் சொட்டே ஆபத்தாகலாம். நிபுணர் செய்யும் தோல் பரிசோதனை வேறு: நீர்த்த மருந்தில் தொடங்கி, முதலில் குத்தல், அதில் ஒன்றும் வராவிட்டால் மட்டும் தோலுக்குள் ஊசி, பக்கத்தில் அட்ரினலின் தயார்.

நீங்கள் படித்த 'உயிருள்ள செல்' பரிசோதனையின் பெயர் பேசோஃபில் தூண்டல் பரிசோதனை. ரத்தத்தில் உள்ள பேசோஃபில் என்ற செல்களோடு மருந்தைக் கலந்து, அவை உசுப்பப்படுகின்றனவா என்று சிடி63 என்ற அடையாளத்தை வைத்துப் பார்ப்பார்கள். அழகான பரிசோதனை, மறுக்க மாட்டேன். ஆனால் ரத்தம் புதிதாக இருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். சுமார் பத்தில் ஒருவருக்குச் செல்கள் எதற்குமே அசைவதில்லை. பாசிட்டிவ் வந்தால் ஓரளவு நம்பலாம். நெகட்டிவ் வந்தால், பழைய கதைதான். கடுமையான எதிர்வினை வந்த உங்கள் தம்பி போன்றவர்களுக்கு, தோலில் மருந்து வைப்பதற்கு முன் உடம்புக்கு ஆபத்தில்லாமல் ஒரு தடயம் கிடைக்குமா என்று பார்க்க ரத்தப் பரிசோதனைகள் உதவும். அவற்றுக்கு உரிய இடம் அதுதான். அரிப்பு மருந்தை நிறுத்த முடியாதவர்களுக்கும் பயன்படும். தோல் பரிசோதனையை அந்த மருந்து மறைத்துவிடும், ரத்தத்தில் பார்ப்பதை மறைக்காது. நாள் கழித்து வரும் வகைக்கு டி செல்களை ஐந்தாறு நாள் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையும் இருக்கிறது. உங்களுக்கு வந்த சாதாரணத் தடிப்புக்கு அது வேண்டியதில்லை.

இருபது முப்பது மருந்துகளை ரத்தத்தில் பார்ப்பது பற்றி: பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு நம்பத்தக்க ஐஜிஇ பரிசோதனையே கிடையாது. வான்கோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை ஐஜிஇ துணையே இல்லாமல் மாஸ்ட் செல்களை நேரடியாகக் கிளப்பக்கூடியவை. அவற்றுக்கு ஐஜிஇ தேடி என்ன கிடைக்கும்? யாராவது நீளமான பட்டியலைக் காட்டி எல்லாவற்றுக்கும் எண் தருகிறேன் என்றால், வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்து மருந்து ஒவ்வாமை சொல்வதும் அப்படித்தான்.

உங்களுக்கு உள்ள வழிகள்

ஒன்று, எதுவும் செய்யாமல் 'அலர்ஜி' என்ற பெயரோடே அறுவைக்குப் போவது. பாதுகாப்பான வழி போலத் தோன்றும். ஆனால் இதற்கும் விலை உண்டு. அறுவைக்கு முன் போட வேண்டிய நல்ல மருந்துக்குப் பதில் இரண்டாம் தர மருந்து போடுவார்கள். பெனிசிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களுக்கு அறுவைப் புண்ணில் தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காரணம் அலர்ஜி அல்ல, அந்த மாற்று மருந்துகள்தான்.

இரண்டு, அறுவைக்கு மட்டும் ஒரு ஏற்பாடு. கர்ப்பப்பை அறுவைக்கு முன் வழக்கமாகப் போடுவது செஃபசோலின். அதன் பக்கச் சங்கிலி பெனிசிலின்கள் எதோடும் ஒத்துப்போவதில்லை. பெனிசிலின் ஆகாதவர்களில் பத்தில் ஒருவருக்கு செஃபலோஸ்போரினும் ஆகாது என்று எங்களுக்கு ஒரு காலத்தில் கற்பித்தார்கள். 1980-களுக்கு முந்தைய தயாரிப்புகளில் பெனிசிலின் கொஞ்சம் கலந்திருந்தது அந்தக் கணக்கை ஊதிவிட்டது. இன்றைய கணக்கு ஏறத்தாழ 2 சதவீதம், செஃபசோலினுக்கு அதிலும் குறைவு. உங்கள் போன்ற லேசான வரலாறு உள்ளவருக்கு எந்தப் பரிசோதனையும் இல்லாமலே செஃபசோலின் போடலாம் என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. மயக்க மருந்து நிபுணரிடம் 'நான்காம் நாள் வந்த தடிப்பு' என்று விவரமாகச் சொல்லுங்கள். வெறும் 'அலர்ஜி' என்று சொன்னால் அவர் தயங்குவார்.

மூன்று, நான் சிபாரிசு செய்வது: இந்த இரண்டு மாதத்துக்குள் மருத்துவர் முன்னிலையில் அமாக்சிசிலினைச் சாப்பிட்டுப் பார்ப்பது. மருந்து ஒவ்வாமையில் கடைசித் தீர்ப்பு இதுதான்; எல்லாப் பரிசோதனைகளையும் இதை வைத்துத்தான் அளக்கிறோம். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2020-ல் வெளியிட்ட 'பென்ஃபாஸ்ட்' என்ற எளிய கணக்கு இருக்கிறது. ஐந்து ஆண்டுக்குள் நடந்திருந்தால் 2, முக வீக்கமோ உயிராபத்தோ கடும் தோல் பாதிப்போ இருந்தால் 2, சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் 1. அரிப்பு மருந்து சாப்பிட்டதால் உங்களுக்கு 1 மட்டும். மூன்றுக்குக் கீழே உள்ளவர்களில் உண்மையான ஒவ்வாமை இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. அப்படிப்பட்டவர்கள் தோல் பரிசோதனைகூட இல்லாமல் நேரடியாக மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம் என்பதற்கு 2023-ல் வெளியான ஆய்வும் ஆதரவு தருகிறது.

அன்றைக்கு நடப்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே வேளையாகவோ, முதலில் பத்தில் ஒரு பங்கும் பிறகு மீதியுமாகவோ கொடுத்து, குறைந்தது ஒரு மணி நேரம் உட்கார வைப்போம். மாத்திரை விழுங்கிய பத்தாம் நிமிடம் எல்லோரும் செய்வதை நீங்களும் செய்வீர்கள்: செல்ஃபோன் கேமராவில் நாக்கை நீட்டிப் பார்ப்பது, முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. ஒரு பெண்மணிக்கு விழுங்கிய மூன்றாம் நிமிடமே கழுத்து அரிக்க ஆரம்பித்துவிட்டது. நாங்கள் அப்போது கொடுத்திருந்தது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. சொன்னதும் சிரித்துவிட்டார், அரிப்பும் போயிற்று. பயத்துக்கும் அரிப்பு வரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு வந்தது நாள் கழித்து என்பதால், அடுத்த சில நாட்கள் தோலைக் கவனித்துச் சொல்லச் சொல்வார்கள்.

இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்கக் கூடாது. இன்னொன்றையும் நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்: அன்று வாய்க்குள் புண், கண் சிவப்பு, தோல் உரிதல், கொப்புளம், காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டியது, மஞ்சள் காமாலை, இவற்றில் ஏதாவது இருந்ததா? கடிதத்தில் மூச்சையும் முக வீக்கத்தையும் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் நான் மேலே சொன்ன மூன்றாவது வழி உங்களுக்கு இல்லை. செஃபசோலின் பற்றியும் நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த வகையில் மருந்தைத் திரும்பக் கொடுத்துச் சோதிப்பதே கிடையாது. அன்று உடனிருந்தவர்களைக் கேளுங்கள். வேறொருவர் ஞாபகம் சில சமயம் நம்முடையதைவிடத் தெளிவாக இருக்கும்.

மகளுக்கு வேண்டாம்

பெரியப்பாவின் மரணம் துயரமானது. ஆனால் பெனிசிலின் ஒவ்வாமை பரம்பரைச் சொத்து போல இறங்குவதில்லை. மருந்தையே எடுத்திராத குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்தால், உங்களைப் போல ஓர் அரைகுறை எண் வந்து அவள் ஃபைலிலும் ஏழு வயதிலேயே சிவப்பு மை ஏறும். தேவை வரும்போது அவளுக்கு மருத்துவர் எழுதும் மருந்தைக் கொடுங்கள்.

அறுவைக்கு முன் தரும் படிவத்தில் 'அலர்ஜி' என்ற கட்டம் சிறியதாகத்தான் இருக்கும். இடம் போதாவிட்டால் பின்பக்கத்தில் எழுதுங்கள். உங்களுக்கு: 'அமாக்சிசிலின், 11 ஆண்டுகளுக்கு முன், நான்காம் நாள் தடிப்பு, மூச்சோ முக வீக்கமோ இல்லை, கொப்புளம் இல்லை, ஐஜிஇ 0.42, மொத்தம் 900-க்கு மேல்.' கொப்புளம் பற்றிய வார்த்தையை, நான் கேட்டதை உறுதி செய்துகொண்ட பிறகு சேருங்கள். மாத்திரை சாப்பிட்டுப் பார்த்து ஒன்றும் வராவிட்டால், அதை எழுத்தில் கேட்டு வாங்கி, பழைய சிவப்பு எழுத்தை அடிக்கச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் ஃபைல் கேட்காது. தம்பியின் பர்ஸில் இன்றைக்கே ஒரு சீட்டு: 'செஃப்ட்ரியாக்சோன் நரம்பூசி, ஐந்து நிமிடத்தில் அனாஃபிலாக்சிஸ் (உயிராபத்தான ஒவ்வாமை), அட்ரினலின் தேவைப்பட்டது, செஃபோடாக்சிம், செஃபெபிமும் கூடாது, ரத்தப் பரிசோதனையில் இந்த மருந்து சோதிக்கப்படவில்லை.'